எங்கள் வண்டி புனே வந்த கதை



போன வாரம் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி போன் செய்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ஐதராபாத்துக்கு மாற்றலாம். "டீச்சர், நீங்க காரைத் திண்டுக்கல்லேருந்து புனேக்குக் கொண்டு போனீங்களே, எப்படி அனுப்பினீங்க?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடியவில்லை. "எழுதியே போட்டுடறேன்மா" என்றேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை கிடையாது.

என் வண்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2014-இல் வாங்கிய வெள்ளை வேகன் ஆர். வாங்கியபோது எனக்கு 54 வயது. அதுவரை சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டியதில்லை. எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையால் கண் பார்வை குறைந்துகொண்டே வந்தது. மாதம் ஒரு முறையாவது மதுரைக்குக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பஸ் ஏறி இறங்க அவர் தடுமாறியதைப் பார்த்துத்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என் வயதில் பாதிகூட இல்லாத தம்பி, "டீச்சர், கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்று தினமும் திட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தார்.

வண்டி அவர் பெயரில் இருந்தது. ஓட்டுவது நான். அவர் இடப்பக்க சீட். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் எங்கள் ஊர்ப் பக்கத்து வேகத்தடை அத்தனையும் அவருக்கு மனப்பாடம். "பால் டிப்போ தாண்டியாச்சா? இப்ப ஒண்ணு வரும் பாரு" என்பார். வரும்.

2022 டிசம்பரில் அவர் போய்விட்டார். 2024-இல் மகன் என்னைப் புனேக்கு வரச் சொன்னான். தனியாக இருந்தது போதும் என்று எனக்கும் தோன்றிவிட்டது. வண்டி விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

"அம்மா, பத்து வருஷ வண்டி. அனுப்பற செலவு, இங்க மறுபடி ரோடு டாக்ஸ் எல்லாம் பார்த்தா கட்டுபடியாகாது. அங்கேயே வித்துட்டு வாங்க" என்றான்.

அவன் கணக்கில் தப்பில்லை. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம்தான். 2029 வரை ஓட்டுவதற்கு இவ்வளவு செலவா என்று யாரும் கேட்பார்கள். "கை பழகின வண்டிடா, இந்த வயசில் புது வண்டி எனக்குச் சரிப்படாது" என்றேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் நுழையாதே என்பது. வண்டிக்கும் ஒரு நோட்டுப் போட்டேன்.

முதல் பக்கம், காகிதங்கள். இங்கேதான் நான் பெரிய தப்பு செய்திருந்தேன். அவர் போய் ஒன்றரை வருடமாகியும் ஆர்.சி. புத்தகம் அவர் பெயரிலேயே இருந்தது. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 31. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். இன்சூரன்ஸும் கூடவே மாற வேண்டும். இறந்தவர் பெயரில் பாலிசியை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டி, ஏதாவது ஒன்று ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. அலுவலகத்தில் அந்த அம்மா, "ஏன் டீச்சர் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார். வீட்டுப் பாடம் எழுதாமல் வந்த பிள்ளை மாதிரி நின்றேன். ரேஷன் கார்டு, வங்கி, மின் இணைப்பு என்று எல்லாவற்றிலும் அவர் பெயரை எடுத்தாகிவிட்டது. இந்த ஒன்றிலாவது இருக்கட்டுமே என்று விட்டிருந்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பெயர் மாறிய பிறகுதான் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி. வாங்க முடிந்தது. அதற்குப் படிவம் 28. வரி பாக்கி, வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. வண்டிக் கடன் இருந்தால் வங்கியிடமும் சம்மதம் வாங்க வேண்டும். அந்தப் படிவத்தில் சேஸிஸ் எண்ணைப் பென்சில் அச்சாக எடுத்து ஒட்டச் சொன்னார்கள். நம் பள்ளியில் பத்து பைசாவின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்போமே, அதேதான். என்னிடம் எட்டாவது வரை படித்த ஒருவன் இப்போது ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பெயரைப் போட்டால் கூச்சப்படுவான். எண் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு, "நீங்களே தேய்ங்க டீச்சர், எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே" என்று பென்சிலை என் கையில் கொடுத்தான்.

இரண்டாம் பக்கம், அனுப்பும் நிறுவனம். மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 9,500 ரூபாய் என்றார். மற்ற இருவரும் 18,000-த்தை ஒட்டிச் சொன்னார்கள். குறைந்த விலையைப் பார்த்து அங்கே 2,000 முன்பணம் கட்டினேன். வண்டி எடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, "டீசல் செலவு, ஏற்றுக்கூலி தனி" என்று இன்னும் 11,000 கேட்டார்கள். முடியாது என்றேன். முன்பணம் போனது போனதுதான். விலை மிகவும் குறைவாக இருந்தால், என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வழிப்பயண இன்சூரன்ஸ் உண்டா, மூடிய கன்டெய்னரா திறந்த லாரியா, இடையில் வேறு லாரிக்கு மாற்றுவார்களா, வீட்டு வாசலில் தருவார்களா அல்லது நாம் போய் எடுக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். கடைசியில் வேறொரு நிறுவனத்தில் 18,000 கொடுத்துத் திறந்த லாரியில் அனுப்பினேன்.

மூன்றாம் பக்கம், ஒப்படைக்கும் நாள். வண்டியை முதல் நாளே கழுவுங்கள். அழுக்கோடு இருந்தால் கீறல் தெரியாது. நான்கு பக்கமும், கூரையும், உள்ளேயும், ஓடிய கிலோமீட்டரும் தெரியும்படி போட்டோ எடுங்கள். வண்டியின் நிலையைக் குறித்த தாளில் எடுக்க வந்தவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் வேண்டாம். உள்ளே பாத்திரம், துணி எதையும் வைக்காதீர்கள்; இன்சூரன்ஸ் வண்டிக்கு மட்டும்தான். ஒரு சாவி மட்டும் கொடுங்கள். அப்புறம், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகைக் கழற்றிவிடுங்கள்.

இந்தக் கடைசி வரியை நான் நோட்டில் எழுதவில்லை. பட்ட பிறகு தெரிந்துகொண்டது.

எடுக்க வந்த தம்பி வண்டியை மதுரையில் இருக்கும் அவர்கள் இடத்துக்கு ஓட்டிப் போனார். கொடைரோடு சுங்கச்சாவடியில் பணம் பிடித்ததாகச் செய்தி வந்தது. அது நியாயம். மறுநாள் நான் நாகர்கோவில்–மும்பை எக்ஸ்பிரஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது மறுபடியும் கொடைரோடு. எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வேலஞ்செட்டியூர். அப்புறம் ராசம்பாளையம். லாரி மேல் உட்கார்ந்துகொண்டு போகிற என் வண்டியின் ஃபாஸ்டேகைச் சாவடி மிஷின் படித்து, என் கணக்கில் பணம் எடுத்துக்கொண்டிருந்தது. லாரிக்காரர் தன் கட்டணத்தைத் தனியாகக் கட்டுகிறார். என் வண்டி ஓடாமலேயே அதற்கும் ஒரு கட்டணம்.

மகனிடம் சொன்னேன். "உடனே அதை பிளாக் பண்ணுங்கம்மா, தண்டம்" என்றான். சரி என்றேன். ஆனால் செய்யவில்லை. கிருஷ்ணகிரி வந்தது. அத்திப்பள்ளி வந்தது. தமிழ்நாட்டைத் தாண்டிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நான்கு நாள் ஒன்றுமில்லை. நான் புனே வந்து சேர்ந்துவிட்டேன். நிறுவனத்துக்குப் போன் செய்தால், "பெங்களூருல லோடு சேருதும்மா" என்பார்கள், இல்லையென்றால் எடுக்கவே மாட்டார்கள். சுற்றுலா கூட்டிப் போனபோது தலை எண்ணி ஒன்று குறைந்தால் வயிற்றில் ஒரு பிசைவு வருமே, அப்படி இருந்தது. ஃபாஸ்டேகில் பணம் குறைந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் 500 ரூபாய் போட்டேன். தண்டம் என்று தெரிந்தேதான் போட்டேன். பணம் தீர்ந்து செய்தி நின்றுவிட்டால் வண்டி எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்குப் பெல்காம் பக்கத்து ஹத்தர்கி. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். விடியும்போது கோலாப்பூரைத் தாண்டிக் கினி. அப்புறம் சாத்தாரா பக்கம் ஆனேவாடி. மத்தியானம் கேட் சிவாப்பூர். அதைத் தாண்டினால் புனேதான். எல்லாச் சாவடியிலும் வரவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். அதுவே போதுமாக இருந்தது. அவர் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வேகத்தடையாகச் சொல்லிக்கொண்டு வருவது போல இருந்தது.

வண்டியில் பின் பம்பரில் ஒரு நீளக் கீறல். "முன்னாடியே இருந்ததும்மா" என்றார்கள். போட்டோவைக் காட்டினேன். பேசாமல் மீதித் தொகையில் 1,500 குறைத்துக்கொண்டார்கள். பிள்ளைகளா, போட்டோ முக்கியம்.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்றது.

வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். படிவம் 27. இங்கே வரி கட்டிய பிறகு, தமிழ்நாட்டில் கட்டிய ஆயுட்கால வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். இதெல்லாம் எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். இருந்தும் பதினோரு மாதம் தள்ளிப்போட்டேன். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன், மழை என்றேன். உண்மை என்னவென்றால், டிஎன் 57 என்ற எண் இருக்கும் வரை நான் விருந்துக்கு வந்தவள்தான். பிடிக்கவில்லையென்றால் ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் போய்விடலாம். விற்றுவிட்டு வந்திருந்தால் அந்த நினைப்புக்குக்கூட இடமில்லை. அதற்காகத்தான் 18,000 கொடுத்து வண்டியைக் கொண்டுவந்தேன். மகனிடம் இதை இன்றுவரை சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வான்.

போன திங்கட்கிழமை படிவத்தைக் கொடுத்துவிட்டேன். அவன் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தான். வரி அவன் கட்டினான். "பரவாயில்லம்மா, இது அப்பா வண்டி" என்றான். கணக்கு பார்க்கிற பிள்ளை என்று நினைத்திருந்தேன். எம்எச் 12 என்று எண் வரும்.

இப்போது பேத்தியைப் பாட்டு வகுப்புக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். இங்கே வேகத்தடை எங்கே வரும் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. வேகத்தடைக்கு மராத்தியில் கதிரோதக் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நாற்பது வருடம் மற்ற பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள், 64 வயதில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறேன். படித்து முடிப்பதற்குள் வண்டி ஏறி இறங்கிவிடுகிறது. பேத்தி சிரிக்கிறாள். போன வாரம் ஒன்றை முன்கூட்டியே படித்து பிரேக் போட்டேன்.

மாற்றலில் போகிற பிள்ளைகள் சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். நோட்டு பத்திரமாக இருக்கிறது. ஃபாஸ்டேகைக் கழற்ற மட்டும் மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்