பல்லி சொல்லும் சேதி

ஹார்ட் டிஸ்க் 'டிக்... டிக்...' என்று பல்லி மாதிரி கத்தினால் பலன் பார்க்காதீர்கள் சார். உடனே கரன்ட்டை நிறுத்துங்கள்! அடிபட்ட ஹெட், சுழலும் தட்டைச் சுரண்டினால் டேட்டா தூளாகிவிடும். தூளை யாராலும் படிக்க முடியாது.

என் டிஸ்க் கத்தியபோது அதற்குள் காலஞ்சென்ற அப்பாவின் போட்டோக்கள் மொத்தமும் இருந்தன. "ஃப்ரீஸர்ல வைப்பா, சரியாயிடும்" என்றார் நண்பர். "அது என்ன ஐஸ்க்ரீமா?" என்று ஒயரை உருவிவிட்டேன். தூசு புகாத அறையில், அதே மாடல் டிஸ்க்கின் ஹெட்டைப் பொருத்தி எடுத்துக் கொடுத்தார்கள். பில்லைப் பார்த்து என் நெஞ்சு 'டிக்... டிக்...'. ஸ்க்ரீனில் அப்பா சிரித்தார்.

2003-ல் சிதறிய கொலம்பியா விண்கலத்தின் கருகிய டிஸ்க்கிலிருந்தே சுமார் 99 சதவிகித டேட்டாவை மீட்டார்கள். எப்படி? தட்டில் அடிபட்ட இடத்தில் டேட்டா எழுதப்படவே இல்லை! அந்த இடம் சும்மா கிடந்ததால் டேட்டா பிழைத்தது. ஆபீஸில்தான் அதற்கு மெமோ கொடுக்கிறார்கள்!