மணலைப் படித்து ஓட்டும் படகு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பேருந்தில் பிரம்மதேசத்தைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் வயல்கள் குறைந்து உப்பளங்கள் வந்துவிடும். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இங்கேதான். சென்னையில் அதைச் சாக்கடையாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு, கழுவெளி ஏரியின் உவர்நீரோடு கலந்து பரந்து கிடக்கும் இந்தத் தண்ணீர் அதே கால்வாய் என்று சொன்னால் நம்பிக்கை வராது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கி, சென்னை நகருக்குள் புகுந்து, மரக்காணம்வரை சுமார் 420 கிலோமீட்டருக்குப் படகு போன வழி இது.

1806 வாக்கில் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய வாய்க்கால்தான் இதன் தொடக்கம். பிறகு வடக்கிலும் தெற்கிலும் துண்டு துண்டாக நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் 1877-78இல், தாது வருடப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியோடு வந்தவர்கள் மண் சுமந்த கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கிடைத்தது.

இந்த வழியில் உப்பும் விறகும் போயின, ஆட்களும் போனார்கள். மாமல்லபுரம் பார்க்க வந்தவர்கள் மாலையில் சென்னையில் படகேறி, இரவெல்லாம் படுத்துறங்கி, விடிகாலையில் இறங்கியதைப் பழைய பயணக் குறிப்புகளில் படிக்கலாம். அவர்கள் தூங்கிய நேரத்தில் படகாட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார்கள். படகில் இருப்பவர் கழி ஊன்றித் தள்ளுவார்.

இன்று அந்தப் படகு இல்லை. அதற்கு நெருக்கமான ஒன்றில் ஏற, மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக்குப் போனேன். 1760இல் ஆங்கிலேயர் இடித்த கோட்டையின் செங்கல் சுவர்கள் உப்பங்கழியைப் பார்த்து நிற்கின்றன. குப்பத்து மீனவர்கள் கோட்டை பார்க்க வருபவர்களைக் கழிமுகம்வரை ஃபைபர் படகில் அழைத்துப் போகிறார்கள். என்னை ஏற்றிக்கொண்டவருக்கு அறுபது வயதிருக்கும்.

எதிரே மணல்திட்டு நேராகத் தெரிந்தது. படகோ இடப்பக்கம் வளைந்தது, பிறகு வலப்பக்கம், மறுபடியும் இடப்பக்கம். "நேராப் போனா என்ன ஐயா?" என்று கேட்டேன். "நேராப் போனா நீதான் எறங்கித் தள்ளணும், தம்பி" என்றார். நடுவில் ஓரிடத்தில் இன்ஜினை அணைத்துத் தூக்கிவிட்டுக் கழியை எடுத்தார். முழங்கால் அளவுத் தண்ணீர். விசிறி மணலில் இடித்தால் செலவு. கழி ஊன்றும்போது அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. அடியில் இருப்பது சேறா, மணலா, சிப்பியா என்று கைக்கே தெரிகிறது. சேற்றில் குத்திய கழியைச் சற்றே திருகி எடுக்கவேண்டும். நேராக இழுத்தால் கழி அங்கேயே நிற்க, ஆள்தான் தண்ணீரில் விழுவார்.

தூரத்திலிருந்தே ஆழத்தைச் சொல்வது எப்படி என்று கேட்டேன். அலை மடங்குவது ஒரு அடையாளம், நிறம் ஒரு அடையாளம், கொக்கு நிற்பது இன்னொன்று. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நீரோட்டம். தெற்கிலிருந்து வருவது தெண்டி, வடக்கிலிருந்து வருவது வன்னி. இரண்டும் மணலை இழுத்துவந்து முகத்துவாரத்தில் போடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் கழுவெளி நிரம்பி வெள்ளம் வரும்போது வாய் அகலமாகிறது. கோடையில் மணல் மேடிட்டுக் குறுகிவிடுகிறது. "போன வருசம் போன வழியில இந்த வருசம் போவ முடியாது" என்றார். அவரிடம் இருக்கும் வரைபடத்தை மழைக்காலந்தோறும் புதிதாக எழுதியாகவேண்டும்.

கால்வாய்க்கும் பகை இதே மணல்தான். ஆறுகளைச் சந்திக்கும் இடங்களில் நீர்மட்டத்தைக் காக்க லாக்குகள் என்ற நீர்க்கதவுகளைக் கட்டினார்கள். சென்னையின் லாக் நகர் அந்தப் பெயரை இன்னும் சுமக்கிறது. லாக்கு மட்டும் போதாது. வண்டலை வாரிக்கொண்டே இருக்கவேண்டும். ரயிலும் லாரியும் வந்தபின் அந்த வேலை சுணங்கியது. 1965, 1966 புயல்கள் மிச்சத்தையும் தூர்த்தன. பிறகு சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே ஊன்றினார்கள்.

2008இல் காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்கள் தேசிய நீர்வழி 4இல் சேர்ந்தன. மரக்காணம் வழியாகப் புதுச்சேரிக்குப் படகு என்பது கேட்க இனிப்பான செய்தி. என் படகோட்டியிடம் சொன்னேன். "மொதல்ல தூர் வாரட்டும். வாருனா மட்டும் போதாது, மறு வருசமும் வரணும்" என்றார்.

திட்ட அறிக்கைகள் பேசத் தயங்கும் செலவு அதுதான். படகு வாங்க ஒருமுறை பணம் ஒதுக்கினால் முடிந்தது. வண்டலை அள்ள ஆண்டுதோறும் ஆள் வேண்டும். மணல் எங்கே படிகிறது என்று அந்த ஆட்களுக்குக் காட்டக்கூடியவர்கள் இந்தக் குப்பங்களில் இருக்கிறார்கள். இவர்களுக்கான சம்பளம் கணக்கில் ஏறாதவரை நீர்வழி அரசிதழில் மட்டும்தான் ஓடும்.