யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில்

கீழக்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு உவர்த் தண்ணீர் புதிதல்ல. ஆனாலும் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பச்சைப் பசேலென்று நிற்பதைப் பார்த்தபோது வியப்பாகத்தான் இருந்தது. அங்கே வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மழைக் காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறுதான் பெயருக்கு உண்டு. எல்லாம் கிணற்று நீர்!

புத்தூரில் நிலாவரைக் கிணற்றைப் பார்க்கப் போனோம். அடியே இல்லாத கிணறு என்று ஊரார் கதை சொல்கிறார்கள். அந்தக் கதையைவிட, மேல்மட்டத்தில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ள கிணறு அது என்ற செய்திதான் என் மனதில் நின்றது.

குடாநாட்டின் பெரும்பகுதியில் நிலத்தடியில் இருப்பது துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை மழை அதற்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்களின் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள் சகோதரிகளே! மேலே ஓர் அடி குறைந்து அப்படியே நின்றுவிட்டால், கீழிருந்து உவர் 40 அடி மேலேறி வரும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மோட்டாருக்குக் களைப்பு ஏது?

நாங்கள் தங்கியது சோனகத் தெருவில். அந்த வீட்டு ராத்தா, 1990 அக்டோபர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். பிறகு புத்தளத்தில் அகதி வாழ்வு. 2009இல் யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் கல்லும் குப்பையும். முதலில் கிணற்றைத்தான் இறைத்துத் துப்புரவாக்கினார்களாம். "கூரை இல்லாட்டியும் படுக்கலாம் தங்கச்சி, தண்ணி இல்லாட்டி என்ன செய்யிறது?" என்றார்.

அந்தக் கிணற்றடியில் ஒரு புதுமை கண்டேன். பிறை பார்த்த மறுநாள், சுப்ஹுத் தொழுகை முடிந்து, யாரும் தண்ணீர் அள்ளுமுன் ராத்தா வாளியை இறக்குகிறார். வாளி நீரைத் தொட்டதும் கயிற்றைப் பிடித்து, தையல் நாடாவால் அளந்து, கலண்டரில் எழுதுகிறார். பக்கத்தில் 'நல்லம்' அல்லது 'உவர்' என்று ஒரு சொல். அடுத்த இரண்டு வீட்டுக் கணக்கும் அதே கலண்டரில் உண்டு.

"எதற்கு ராத்தா இது?" என்று கேட்டேன்.

"சுன்னாகத்துக் கதை கேட்ட பிறகு தொடங்கினது" என்றார்.

சுன்னாகத்தில் மின் நிலையங்களைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளைச் சோதித்ததில் 109 கிணறுகளில் அளவுக்கு மீறிய எண்ணெய் இருந்தது. பிறகு வந்த ஒரு நிபுணர் குழுவோ ஆபத்தில்லை என்றது. எதை நம்பிப் பிள்ளைக்குப் பால் கரைப்பது? கடைசியில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கிருந்த தனியார் மின் நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கி, இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எண்ணெய் நாற்றம் தண்ணீர் அள்ளிய பெண்களின் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். அவர்கள் நாளும் தேதியுமாக எழுதி வைத்திருந்தால் எவ்வளவு உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

நாற்றமில்லாத கேடும் உண்டு. தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியும் கசிந்து கிணற்றில் நைத்திரேற்று சேர்கிறது. லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சரியாகாது, நீர் வற்ற வற்ற அது கூடவே செய்யும். பரிசோதனை செய்துதான் அறிய வேண்டும். அந்தச் சீட்டையும் அடுத்த வீட்டுக்குக் காட்ட வேண்டும். மதில் நமக்குத்தான், அடியில் ஓடும் தண்ணீருக்கு மதில் ஏது? உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி எல்லோருக்குமாக விட்டதை ராத்தாவே நினைவூட்டினார். புனித ஸம்ஸம் கிணற்றையே சவூதி அரசு கருவி வைத்து நீர்மட்டம் அளக்கிறது என்று நான் சொன்னபோது அவருக்கு மெத்தச் சந்தோஷம்.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் வந்தாலும் கிணற்றை விடுவதாயில்லை ராத்தா.

புறப்படும்போது, "உங்கட வீட்டுக் கிணறு எத்தினை அடி தங்கச்சி?" என்று கேட்டார். சிறு வயதிலிருந்து நான் நீர் அள்ளிய கிணறு. எனக்குத் தெரியவில்லை.