அலைகரையிலிருந்து ஒரு கடிதம்

கிளிநொச்சி,
தை மாதம், இரவு ஒன்பது மணி

அன்புள்ள மச்சான்,

மயிலிறகு கிடைத்தது. அதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தை நீ பொறுமையாக வாசிக்கமாட்டாய். இரணைமடுவுக்குப் போகிற வழியில் பற்றைக்குள் கிடந்தது, ஆறு இறகு. பீலியைச் சீவி எறிந்துவிட்டு அடிக்காம்பை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன். ஆனால் விமானத்தில் கொண்டுவருவேன் என்று எண்ணாதே. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் சுங்கக்காரருக்கு முன்னால் நின்று, தூண்டில் மிதப்பு என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருக்க என்னால் ஏலாது. நீ வந்து எடு.

சிம்கோ ஏரியில் மூன்று கிழமையாகப் பனியில் ஓட்டை போட்டுக் குந்தியிருந்தும் ஒன்றும் படவில்லை என்று எழுதியிருந்தாய். அதை உன் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கனடா வந்திருந்த மாரியில் நீ அவரைப் பனிக்கு மேல் கூட்டிப்போய் இருத்தியதை இன்னும் ஊருக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். "குளத்தைப் பூட்டிவைச்சிட்டு, பூட்டில ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறாங்கள்" என்பார். ஆளுக்கு இரண்டு தூண்டில்தான், அதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும், பிடித்த மீனை எண்ண வேண்டும் என்றெல்லாம் கேட்டவர்கள் அவரைப் பொய்காரன் என்று நினைத்திருக்கிறார்கள். சாட்சிக்கு நான் வந்து சேர்ந்ததில் அவருக்குப் பெரிய ஆறுதல்.

நேற்று முல்லைத்தீவுக்குப் போனோம். உன் அக்காவின் பெடியன்தான் வாகனம் ஓடினான். பரந்தனில் திரும்பி, விசுவமடு, புதுக்குடியிருப்பு. ரோட்டு இப்போது நல்ல ரோட்டு, கண் மூடித் திறக்கப் புதுக்குடியிருப்பு வந்துவிடுகிறது. முள்ளிவாய்க்கால் தாண்டும்வரை ஒருவரும் கதைக்கவில்லை. பெடியன் பாட்டைக்கூடக் குறைத்துவிட்டான். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வட்டுவாகல் பாலத்தில் இறங்கினோம். தெரியும்தானே, ஒடுங்கின, பதிந்த பாலம். நந்திக்கடலில் தண்ணீர் கூடினால் பாலத்துக்கு மேலாலேயே போகும். பாலத்து ஓரத்தில் வரிசையாக ஆட்கள் வீச்சு வலையோடு. இறாலுக்குத்தான். கடலில் முட்டையிலிருந்து வருகிற இறால் குஞ்சு களப்புக்குள் வந்து வளரும், வளர்ந்ததும் திரும்பக் கடலுக்குப் போகும். போகிற வழியில்தான் இந்தப் பாலம். முழங்கையில் ஒரு மடிப்பு, பல்லில் ஒரு நுனி, இடுப்பைத் திருப்பி ஒரு சுழற்று. வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழும்போது வருகிற அந்தச் சத்தம், அரிசியை ஒரு கை அள்ளிச் சுளகில் எறிந்ததுபோல, இருபது வருடத்துக்குப் பிறகு கேட்டேன்.

ஒரு பெடியன் வலையை ஐயாவிடம் நீட்டினான். "வீசிப் பாருங்கோவன் அப்பு." ஐயா வேண்டாம் என்று தலையாட்டினார். 2009 மே மாதம், யுத்தத்தின் கடைசியில், இந்தப் பாலத்தாலேதான் சனம் நடந்து வெளியே வந்தது, அதில் உன் ஐயாவும் மாமியும் இருந்தார்கள். அவர் பாலத்துச் சுவரில் இருந்துகொண்டு மற்றவர்கள் வீசுவதைப் பார்த்தார். எவன் வலை நன்றாக விரிகிறது, எவனுடையது உருளைக்கிழங்கு மாதிரி விழுகிறது என்று எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வலையை மட்டும் தொடவில்லை.

களப்பின் மற்றக் கரையில் வற்றாப்பளைக் கோயில். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் கோயில். கண்ணகிக்கு எண்ணெய்க்குப் பதிலாக உப்புத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கத் துணிந்தவன் நிச்சயம் மீன்பிடிக்காரனாகத்தான் இருந்திருப்பான் என்பது என் எண்ணம். நந்திக்கடலை 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் போட்டபோது இந்தக் கரைச் சனத்துக்கு வந்த பயத்தையும் அங்கேதான் கேட்டேன். பறவைக்குக் காவல் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தங்களையும் அந்தக் களப்பில் வாழ்கிற உயிர்களாக எண்ணும்படிதான் கேட்கிறார்கள்.

கடற்கரைக்கும் போனோம். வாடைக்காற்று, அலை ஆள் உயரம். கரைவலைக்கு இது காலமில்லை. இந்தப் பக்கத்துக் கடல் சோளகம் தொடங்கித்தான் படுக்கும். அப்போது ஒரு கயிற்றுத் தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் அரைவட்டமாக வலையைப் போட்டுக்கொண்டு போய், மற்றத் தலைப்போடு தள்ளிக் கரையேறும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அம்பாப் பாட்டோடு இழுக்க, மடி மெல்ல மெல்லக் கரைக்கு வரும். இப்போது பல இடத்தில் ட்ராக்டரில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். ட்ராக்டருக்கு அம்பா தெரியாது, பங்கும் கேட்காது. சம்மாட்டிமாருக்கு அதிலே பிடித்தது பின்னதுதான்.

நான் மயிலிட்டிக்காரன் என்பதை நீ அடிக்கடி மறந்துவிடுவாய், அதனால் இதையும் எழுதுகிறேன். 1990 ஆனியில் நாங்கள் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. அந்தத் துறைமுகத்தைச் சனத்துக்குத் திருப்பிக் கொடுத்தது 2017 ஆடியில். இருபத்தேழு வருடம். கடல்காரன் கடலில்லாமல் இருபத்தேழு வருடம் என்ன செய்வான்? 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுக்கக் கிளம்பியபோது கிளாலியால் களப்பைக் கடந்து வன்னிக்கு வந்து, முதன்முதல் இரணைமடுவைப் பார்த்த என் அப்பா கேட்டது: "இதில அலையே இல்லையே, இதுக்குள்ள என்ன மீன் இருக்கும்?"

குளத்து மீனை அப்பா வாயில் வைக்கமாட்டார். சேற்று மணமாம். அந்த வீம்பு எத்தனை மாதம் தாக்குப்பிடித்தது என்று உனக்குத் தெரியும். மீனின் வயிற்றுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புத் தோலை நகத்தால் உரஞ்சி எடுத்துவிட்டு, உப்பும் பழப்புளியும் போட்டுக் கழுவினால் மணம் போய்விடும் என்று எங்கள் அம்மாவுக்குக் காட்டியது மாமிதான். அன்றைக்கு அப்பா மூன்று துண்டு சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "மீன் பரவாயில்லை, தண்ணிதான் சரியில்லை" என்றார்.

96இல் கிளிநொச்சியையும் விட்டு இரண்டு குடும்பமும் மல்லாவிப் பக்கம் போனோமே, அந்த வவுனிக்குளக் காலத்தைப் பற்றி நீ ரொறன்ரோவில் கதைக்கும்போது எப்போதும் நாம் இருவரும் உன் ஐயாவும் மட்டும்தான் வருவோம். மாமி வருவதில்லை. இன்று அவவிடம் கேட்டேன். ஐயா நெல்லு வெட்டுக் கூலிக்குப் போன நாளெல்லாம் வீட்டில் கறி வைத்தது அவவின் தூண்டில்தான். பள்ளிக்கூடத்துக்கு எங்களை அனுப்பிவிட்டு, உடுப்புத் தோய்க்கப் போகிற சாட்டில் போய்விடுவாவாம். தங்கூசி சவர்க்காரப் பைக்குள், ஊசி சேலைத் தலைப்பில். "பொம்பிளை தூண்டில் போட்டா ஊர் கதைக்கும். கறி இல்லாட்டி ஊர் கதைக்காது" என்றா. எங்களுக்கு அது விளையாட்டு, அவவுக்கு அது அடுப்பு. ஆனால் விரால் ஒன்று இழுத்துக்கொண்டு தாமரைக்குள் ஓடிய கதையைச் சொல்லும்போது அவவின் கண்ணைப் பார்த்தால், அடுப்பு மட்டும்தான் என்று நான் நம்பமாட்டேன்.

இனி இன்று காலைக் கதை.

ஐந்து மணிக்கே ஐயா எழும்பி நாக்கிளிப்புழு கிண்டிவிட்டார், வாழைக்கு அடியில், சிரட்டை நிறைய. எழுபத்தெட்டு வயது. முழங்கால் மடிக்கக் கஷ்டப்படுகிறார் என்றுதான் மாமி சொன்னா, புழுவுக்கு மட்டும் அந்த முழங்கால் மடிகிறது. விடிய இரணைமடுவுக்குப் போய்ச் சேர்ந்தபோது குளம் நிரம்பி, வான்கதவில் ஒன்று கொஞ்சம் திறந்திருந்தது. சோழகாலம், பாண்டியர்காலம் என்று யாரும் உனக்குக் கதைவிட்டால் நம்பாதே. இரட்டை மடுவைச் சேர்த்து, கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டத் தொடங்கியது 1902இல்தான். பிறகு படிப்படியாக உயர்த்தினார்கள். கடைசியாக 34 அடியை 36 ஆக்கி 2018 மார்கழியில் திறந்தார்கள், அதே மாதமே வெள்ளம் வந்து கிளிநொச்சியை நனைத்தது. வான் பாய்கிற தண்ணீர் போய்ச் சேர்வது சுண்டிக்குளக் களப்புக்கு. நேற்று உப்புத்தண்ணீர், இன்று நல்லதண்ணீர் என்று நான் பெருமையாகச் சொல்ல, ஐயா, "ரெண்டும் ஒரே மழைதான், வழிதான் வேறை" என்று முடித்துவிட்டார்.

அலைகரைக் கல்லில் இடம் பிடித்தோம். முதலை இருக்கிறது, அதனால் தண்ணீருக்குள் கால் வைக்காமல் மேல் கல்லிலேயே இருக்க வேண்டும். இந்தச் சட்டம் மாறவில்லை. காட்டுத்தடி, தங்கூசி, மயிலிறகுக் காம்பு, ஒரு துண்டு ஈயம். நான் கனடாவிலிருந்து கொண்டுவந்த ரீல் பூட்டிய தடியை ஐயா கையில் வாங்கி, சுற்றிப் பார்த்து, மணிக்கூடு திருத்துகிறவனிடம் கொடுப்பதுபோலத் திருப்பித் தந்தார். இரண்டு மணித்தியாலம். அவருக்குப் பதினொரு யப்பான், எனக்கு இரண்டு. ரீலைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

யப்பான் என்று ஏன் பேர் வந்தது என்று சின்னனில் நாம் ஐயாவைக் கேட்டுத் தொல்லை கொடுத்திருக்கிறோம். அது யப்பானிலிருந்து வரவில்லை மச்சான். ஆபிரிக்கா, மொசாம்பிக் பக்கத்து மீன். 1952இல் இலங்கைக் குளங்களில் விட்டார்கள். தமிழ்நாட்டுக்காரன் அதையே ஜிலேபி என்கிறான். எங்கோ பிறந்து, எங்கோ கொண்டுபோய் விடப்பட்டு, மூன்றாவது நாட்டின் பேரில் கூப்பிடப்படுகிறது. ஸ்காபரோவில் நம்மை 'இந்தியனா?' என்று கேட்கும்போது இனி எனக்கு யப்பான்தான் நினைவுக்கு வரும்.

பிறகு ஐயா வீச்சு வலையை எடுத்தார். ஆம், நேற்றுத் தொடாத மனிதர் இன்று தன் பையிலிருந்தே எடுத்தார். ஓரத்துப் புல்லுக்குள் ஒரே ஒரு வீச்சு. ஏழெட்டு மீன். அதிலே ஒன்றைக் கையில் எடுத்ததும் அதன் வாயிலிருந்து ஏதோ கொட்டியது. கடுகளவில், கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள், ஐயாவின் உள்ளங்கை நிறைய. தாய் யப்பான் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துத்தான் காக்கும் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. ஐயா கையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். முதலைச் சட்டத்தை அவரே மீறினார். குஞ்சு கலைந்தது, தாயையும் பின்னாலே விட்டார். வலையில் மிச்சமிருந்ததையும் கொட்டிவிட்டு, வலையைப் பிழிந்து சுருட்டினார்.

நான் விடுவேனா? சிம்கோவில் நீ பிடித்த மீனைத் திரும்ப விட்டபோது உன்னை அவர் ஏசிய ஏச்சை அப்படியே திருப்பிச் சொன்னேன்: "விடுறதெண்டால் ஏன் பிடிச்சனீ? அதோட உனக்கென்ன விளையாட்டு?"

ஐயா சிரிக்கவில்லை. "வாய்க்குள்ள பிள்ளை இருந்தா யப்பான் இரை எடுக்காது, தம்பி. பசிச்சாலும் எடுக்காது. அதால தூண்டில்ல ஒரு நாளும் பிள்ளைத்தாய் படாது. வலைக்கு அது தெரியாதெல்லோ" என்றார்.

குளத்தில் வலை போடுகிறவர்களுக்கு எட்டரைச் சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சின்ன மீன் தப்ப வேண்டும் என்பதற்கு. பெரிய மீனின் வாய்க்குள் இருக்கிறதை எந்தக் கண்ணும் அளக்காது. எழுபது வருடமாக இந்த மனிதர் தூண்டிலைப் பெரிதாகவும் வலையைச் சிறிதாகவும் பேசி வந்தது சோம்பல் பிடித்த ஆளின் சாட்டு என்றுதானே நீயும் நானும் நினைத்தோம்? வீட்டில் நல்ல வலை இருக்க, கல்லில் குந்தி ஒவ்வொன்றாக ஏன் பிடிக்கிறார் என்று மாமிகூட ஏசியிருக்கிறா.

மத்தியானம் பொரியல், சொதி, புட்டு. மாமி உனக்கென்று ஒரு தலையை எடுத்து வைத்து, பிறகு நினைவு வந்து என் கோப்பையில் போட்டா. அதற்கு மேல் இதை எழுதமாட்டேன்.

பின்னேரம் முற்றத்தில் இருக்கும்போது ஐயா திடீரென்று கேட்டார்: "அவன்ரை ஏரி அடிமட்டும் உறைஞ்சா மீன் சாகாதோ?" நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன். தண்ணீர் நாலு பாகையில்தான் பாரம் கூட, அதனால் அந்தத் தண்ணீர் கீழே போய்விடும், அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறையும், அடி உறையாது என்று. கவனமாகக் கேட்டார். மயிலிறகுக் காம்பு ஒன்றை எடுத்து நுனியைக் கத்தியால் சீவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப மீன் முழுக்க அடியிலதான் படுத்திருக்கும். மிதப்பு உதவாது. ஈயத்தைக் கூட்டிப் போடச் சொல்லு அவனுக்கு."

அன்புடன்,
உன் மச்சான்