மருந்தேற்றிய மரத்துக்குப் பொங்கல் அவசரம் கூடாது

பொங்கல் நெருங்கினால் எங்கள் ஊரில் பெயின்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. சுவர், கேட், மாட்டுக் கொம்பு என எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாரத்தில் வண்ணம் ஏறிவிட வேண்டும். போன வருஷம் கார்த்திகையில் தோட்டத்து வாசல் பந்தலுக்கும் கேட்டுக்கும் பெஞ்சுக்கும் மருந்தேற்றிய தைலமரம் வாங்கினோம். "பொங்கலுக்குள்ள எனாமல் அடிச்சுடலாம்ணே" என்றார் பெயின்டர். மாசிக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன். வீட்டில் எல்லோருக்கும் வருத்தம்தான்.

காரணம் இதுதான். மரத்தை மூடிய உருளைக்குள் வைத்து, முதலில் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு மருந்து கரைத்த தண்ணீரை அழுத்தி உள்ளே ஏற்றுகிறார்கள். அதனால் டிப்போவிலிருந்து வரும்போது பல நேரம் மரத்துக்குள் ஈரம் இருக்கும். அதன்மேல் பெயின்ட் அடித்தால், வெயில் ஏறியதும் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறப் பார்க்கும். பெயின்ட் கொப்புளித்து உரிந்துவிடும்.

நாங்கள் பலகைகளைத் தரையில் படாமல், இடையிடையே குச்சி வைத்து, காற்றோடும் நிழலில் அடுக்கினோம். அவ்வப்போது நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். முத்து முத்தாக நின்றால் இன்னும் நாள் ஆகவில்லை என்று அர்த்தம். மாசி பாதியில் தெளித்த தண்ணீரைச் சில நிமிஷத்தில் மரம் குடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பிரஷ்ஷைத் தொட்டோம்.

'மருந்துதான் ஏறியிருக்கிறதே, பூச்சு எதற்கு?' என்று கேட்கிறவர்கள் உண்டு. மருந்து கரையானையும் பூஞ்சணத்தையும் தடுக்கும். வெயிலையும் மழையையும் தடுக்காது. பூச்சு இல்லாவிட்டால் மரம் வெளுத்து, வெடித்து, முறுக்கிக்கொள்ளும்.

கேட்டுக்கு ஆயில் பிரைமர் ஒரு கை, அம்மா ஆசைப்பட்ட பச்சை எனாமல் இரண்டு கை. பெஞ்சுக்கும் பந்தலுக்கும் வெளிப்புற ஸ்டெயின். பெயின்ட் மேலே தோல்போலப் படியும். பழசானால் சுரண்ட வேண்டிவரும். ஸ்டெயின் மரத்துக்குள் இறங்கும்; இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்து மேலேயே பூசிக்கொள்ளலாம். நிறமில்லாத வார்னிஷ் வெளியிடத்துக்கு ஆகாது. வெயில் அதை ஊடுருவி அடியிலிருக்கும் மரத்தைக் கெடுத்துவிடும்.

மருந்து பெரும்பாலும் நடுவைரம் வரை போகாது. அதனால் அறுத்த முனையை மண்ணில் புதைக்காமல் மேல்பக்கம் வைத்தோம். டிப்போவில் கேட்டு வாங்கிய, பிரஷ்ஷால் பூசும் மருந்தை அறுத்த இடங்களில் எல்லாம் தடவினோம்.

ஆசாரி அறுத்துப் போட்ட துண்டுகளை அம்மா அடுப்புக்கென்று கூடையில் அள்ளினார். கூடையை வாங்கி வைத்துவிட்டேன். நம் பக்கம் கிடைக்கும் பச்சை சாயல் கொண்ட மரத்தில் செம்பு, குரோமியத்தோடு ஆர்சனிக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். 1930-களில் சொண்டி காமேசம் என்ற நம் நாட்டு விஞ்ஞானி உருவாக்கிய மருந்து அது. அமெரிக்காவில் 2003 இறுதியோடு பெரும்பாலான வீட்டு உபயோகங்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். எரித்தால் புகையிலும் விஷம், சாம்பலிலும் விஷம். அந்தச் சாம்பலைத்தானே நாம் பாத்திரம் தேய்க்கவும் கத்தரிச் செடிக்குத் தூவவும் எடுக்கிறோம்! அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். தூளைத் தார்ப்பாய் விரித்துப் பிடிக்க வேண்டும். ஆடு கடிக்கும் பட்டிக்கும், தீவனத் தொட்டிக்கும் இந்த மரமே வேண்டாம். பெயின்ட் அடித்தாலும் வேண்டாம்.

கேட் ஒரு கோடையையும் ஒரு மழையையும் பார்த்துவிட்டது. இதுவரை கொப்புளம் இல்லை. இந்தக் கார்த்திகையில் மரம் வாங்கியவர்கள் பொங்கலுக்குச் சுவரை மட்டும் வெள்ளையடியுங்கள். மரம் காயட்டும்.