பார்க்கிங்கில் வளர்ந்த கை

செப்டம்பர் 7, 2024 – சனி

பிள்ளையார் சதுர்த்தி. காலையில் சொசைட்டி கணபதிக்கு ஆரத்தி முடிந்ததும் பக்கத்து வீட்டு ஆஜி ஒரு தட்டு நிறைய உகடிச்சே மோதக் கொடுத்தனுப்பினார். நம்முடைய பூரணக் கொழுக்கட்டைதான். மடிப்பு மட்டும் கூடுதல், அழகும் கூடுதல். இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழு பிள்ளைகள் டிவி முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் ரோபோ போட்டியின் இந்த ஆண்டு விளையாட்டை அறிவிக்கும் நேரம். உலகம் முழுக்க எல்லா அணிக்கும் ஒரே நாளில்தான் தெரியும்.

இந்த ஆண்டு ஆழ்கடல். விளையாட்டின் பெயர் 'இன்டு தி டீப்'. 12 அடிக்கு 12 அடிக் களம். நடுவில் நீர்மூழ்கி என்று ஒரு கூடு. அதற்குள் கிடக்கும் சிவப்பு, நீல, மஞ்சள் கட்டைகளை ரோபோ எடுத்துவந்து மூலையில் இருக்கும் கூடையில் போட வேண்டும். கீழ்க்கூடையில் போட்டால் 4 புள்ளி, மேல்கூடையில் போட்டால் 8. ஒரு ஆட்டம் இரண்டரை நிமிடம். அதில் முதல் 30 விநாடி யாரும் கன்ட்ரோலரைத் தொடக்கூடாது. எழுதிவைத்த நிரலை நம்பி ரோபோவே ஓட வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது அது 18 அங்குலப் பெட்டிக்குள் அடங்கியிருக்க வேண்டும். மேல்கூடையின் விளிம்போ 43 அங்குல உயரத்தில்.

"அப்போ ரோபோ வளரணும்மா" என்றாள் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். அணியில் சேர்ந்து இரண்டே வாரம்.

செப்டம்பர் 8 – ஞாயிறு

என்னையும் சேர்த்துவிட்டார்கள். அணியில் மெக்கானிக்கல் தெரிந்த பெரியவர் யாரும் இல்லை. நான் புனே மகர்பட்டா சைபர்சிட்டியில் உட்கார்ந்து இயந்திர பாகங்கள் வரைகிறவள். அப்பா பீளமேட்டில் லேத் பட்டறை வைத்து பம்ப்செட் ஷாஃப்ட் கடைந்தவர். அதைக் கேட்டதும் "காக்கூ, நீங்கதான் எங்க மென்டர்" என்று ஒரு பையன் முடிவே செய்துவிட்டான்.

மற்றொரு மென்டர் பல வருடம் இதில் இருப்பவர். எனக்கு ஒன்றே ஒன்று சொன்னார்: கேள்வி கேளுங்கள், கருவியைக் கையில் எடுக்காதீர்கள். டீன் கேமன் 1989இல் ஃபர்ஸ்ட் அமைப்பைத் தொடங்கியதே, விளையாட்டு வீரர்களைக் கொண்டாடுவதுபோல் அறிவியலையும் பிள்ளைகள் கொண்டாட வேண்டும் என்றுதான். 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளின் ரோபோ இது. பெரியவர் முடுக்கிய ஒவ்வொரு நட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒன்று. எனக்கு எளிதாகத்தான் பட்டது.

செப்டம்பர் 15 – ஞாயிறு

இடம் கிடைத்தது. 24 அங்குல ஃபோம் டைல் 36 சேர்ந்தால் ஒரு களம். எந்த ஃபிளாட்டிலும் விரிக்க முடியாது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் யாருக்கும் ஒதுக்காத ஒரு மூலையைக் கேட்டுப் பிள்ளைகளே கமிட்டியிடம் போனார்கள். அங்கிருந்த ஒரு பெரியவர், "இங்கே எங்கள் கரும்பு நின்றது" என்று ஆரம்பித்தார். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். சுமார் 120 விவசாயக் குடும்பங்கள், ஏறக்குறைய 400 ஏக்கர். பில்டருக்கு விற்றுவிட்டுப் போகாமல், சதீஷ் மகர் முன்னின்று எல்லா நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, அவரவர் நிலத்துக்கு ஏற்பப் பங்கு கொடுத்துத் தாங்களே ஒரு நகரத்தைக் கட்டினார்கள். டாஃபடில், ட்ரில்லியம், ஜாஸ்மினியம் என்று கட்டடங்களுக்குப் பூப்பெயர் வைத்திருக்கும் இந்த மகர்பட்டா அப்படி எழுந்ததுதான். பெரியவர் மூலையைத் தந்தார். இரவு எட்டரைக்கு மேல் டிரில் ஓட்டக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 21 – சனி

தாப்கீர் கல்லி. விசர்ஜன் முடிந்து நான்கு நாளாகியும் லக்ஷ்மி ரோட்டின் ஓரங்களில் குலால் சிவப்பு மிச்சமிருந்தது. கேபிள் டை, ஹீட் ஷ்ரிங்க், சோல்டரிங் ஈயம். கடைக்காரரிடம் மராத்தியில் பேரம் பேசியது முழுக்க மகள். திரும்பும் வழியில் ஹடப்சர் எஸ்டேட்டில் ஒரு கடையில் அலுமினியம் செக்‌ஷனை 16 அங்குலத் துண்டுகளாக அறுத்து வாங்கினோம்.

அக்டோபர் 6 – ஞாயிறு

ரோபோவின் லிஃப்ட் சிக்குகிறது.

நிற்கும் செக்‌ஷன் ஒன்று. அதன்மேல் சறுக்கி ஏறும் செக்‌ஷன் இரண்டு. அடியில் மோட்டார் சுழன்று கயிற்றைச் சுற்றினால் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற வேண்டும். பாதிவரை எண்ணெய் விட்டதுபோல் போகிறது. உச்சிக்கு வருவதற்கு முன் ஒரு பக்கம் சாய்ந்து கடித்துக்கொள்கிறது. மோட்டார் முனகுகிறது. பார்த்த உடனே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது: கப்பி கோணலாக இருக்கிறது, கயிறு அதன் விளிம்பில் உரசுகிறது. பத்து நிமிட வேலை. "கயிறு எங்கெல்லாம் தொடுதுன்னு பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டேன். "பார்த்தோம் ஆன்ட்டி" என்றார்கள். மேலே கேட்காமல் டீ போட வீட்டுக்கு ஏறினேன்.

அக்டோபர் 11 – வெள்ளி

ஆயுத பூஜை. அப்பா பட்டறையில் இன்றைக்கு லேத்துக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று; தரையைக் கழுவிச் சுரண்டிய இரும்புத்தூள் ஒரு மூட்டை தேறும். இங்கே பிள்ளைகள் திருப்புளி, ஆலன் கீ, ரோபோ எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். சக்கரத்துக்கெல்லாம் பொட்டு. மெக்கானம் சக்கரம் என்பதால் சுற்றிலும் 45 டிகிரியில் சாய்ந்த குட்டி உருளைகள். பக்கவாட்டிலும் நகர்வது அவற்றால்தான். ஒவ்வோர் உருளைக்கும் தனிப் பொட்டு வேண்டுமா என்று ஒரு விவாதம். நாளைக்கு தஸரா; ஆப்டா இலை கொண்டுவருவதாக ஒருத்தி சொன்னாள். இன்று யாரும் கருவி தொடக்கூடாது என்றேன். கேட்டுக்கொண்டார்கள்.

மகள் தாத்தாவுக்கு வீடியோ கால் போட்டு லிஃப்டைக் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அம்மிணி, ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தோணும். ரெண்டு மாத்துனா எது சரியாச்சுன்னு உனக்கே தெரியாது" என்றார். காரணம் என்னவென்று அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அக்டோபர் 19 – சனி

இதை எழுதத்தான் வேண்டும். இரவு பத்து மணிக்குக் குப்பை போடக் கீழே போனவள் களத்தின் பக்கம் திரும்பினேன். ஒருவரும் இல்லை. ஆலன் கீ மேஜைமேலேயே இருந்தது. கப்பியைத் தளர்த்தி, இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி, நேராக்கி முடுக்கினேன். கயிறு நடுவில் ஓடியது. மனசுக்கு எவ்வளவு நிம்மதி.

அக்டோபர் 20 – ஞாயிறு

லிஃப்ட் அதே இடத்தில் சிக்கியது.

"யாரும்மா கை வெச்சது?" மகள் கத்தவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. போன வாரம் முழுக்க அவர்கள் ஸ்கெட்ச் பேனாவால் கயிற்று உருளையிலும் செக்‌ஷனிலும் கோடு போட்டு, சிக்கும்போதெல்லாம் எந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று நாற்பது தடவை ஓட்டிக் குறித்திருந்தார்கள். நான் கப்பியை நகர்த்தியதில் கயிற்றின் நீளம் மாறி அத்தனையும் வீண். நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பிள்ளைகள் சும்மா நின்றார்கள். "பரவால்ல ஆன்ட்டி" என்று ஒருவன் சொல்லிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

இரவில் 2014 ஞாபகம் வந்தது. ஆகஸ்ட் 24. இதே புனேயில், பாலேவாடி விளையாட்டு அரங்கத்தில் ஏபியு ரோபோகான். ஆசிய பசிபிக் நாடுகளின் கல்லூரி அணிகள் மோதும் போட்டி. 2008இலும் இங்கேதான் நடந்தது. அப்போது கருப்பொருள் கோவிந்தா. 2014இல் பெற்றோருக்கு ஒரு வணக்கம். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பெற்றோர் ரோபோ, ஒரு குழந்தை ரோபோ. சீசா, ஊஞ்சல், கம்பங்களின்மேல் நடை, கடைசியில் ஏறுகம்பிக் கூண்டு, ஒரு குழந்தை பூங்காவில் ஆடும் எல்லாமே அதில் இருந்தன. பெரியது சின்னதைத் தூக்கிக்கொண்டு வரும். ஆனால் கூண்டில் சின்னதுதான் ஏற வேண்டும்; பெரியது விலகி நிற்கும். வியட்நாமின் லாக் ஹாங் பல்கலைக்கழகம் ஜெயித்தது. என் மடியில் இருந்த நாலு வயசுக்காரி ஒவ்வொரு தடவையும் "விடு, விடு" என்று கூவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அது எனக்கு விளையாட்டாகத்தான் கேட்டது.

அக்டோபர் 27 – ஞாயிறு

நான் நினைத்த காரணமே தப்பு.

கப்பியோ கயிறோ காரணமாக இருந்தால், உருளையில் போட்ட கோடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அது ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நின்றது. செக்‌ஷனில் போட்ட கோடுதான் நகரவே இல்லை. அதாவது எப்படிச் சுற்றினாலும், குறிப்பிட்ட அளவு நீண்டதும் கடிக்கிறது. கணக்குப் போட்டார்கள். 16 அங்குலத் துண்டு; 43ஐத் தாண்ட ஏறுகிற இரண்டும் 14 அங்குலம் வெளியே வர வேண்டும். அப்போது 16ம் இரண்டு 14ம் சேர்ந்து 44. ஆனால் உள்ளே கவ்விக்கொண்டிருப்பது 2 அங்குலம் மட்டும். மேலே கட்டையைப் பிடிக்கும் கிடுக்கியின் எடை ஒரு பக்கம் இழுக்கும்போது, அதைத் தாங்கும் இரண்டு பேரிங்குக்கும் நடுவே 2 அங்குல இடைவெளிதான். இடைவெளி குறையக் குறைய பேரிங்மேல் விழும் விசை கூடும். சாயாமல் என்ன செய்யும்?

இன்னொரு செக்‌ஷன் சேர்த்தார்கள். மூன்று ஏறும், ஒவ்வொன்றும் 10 அங்குலம் வந்தால் போதும். மொத்தம் 46. உள்ளே 6 அங்குலம் மிச்சம். எடை கூடுமே என்று கேட்டேன். "கூடும், அதையும் ஓட்டிப் பார்க்கிறோம்" என்றார்கள். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கோணல் கப்பி கண்ணில் பட்டதும் அதற்கு அப்பால் நான் பார்க்கவே இல்லை.

நவம்பர் 20 – புதன்

சட்டமன்றத் தேர்தல், விடுமுறை. காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு விரல் மையோடு பார்க்கிங்குக்குப் போனேன். லிஃப்ட் ஏறுகிறது. இப்போது வேறு தலைவலி: ஓடிக்கொண்டிருக்கும்போதே ரோபோ செத்துப்போகிறது. ஃபோம் டைலில் சக்கரம் உரசிச் சேரும் நிலைமின்சாரமா, பவர் கனெக்டர் தளர்ந்திருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்று என்று தாத்தா வாக்கியத்தைச் சுவரில் மராத்தியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான் செய்தது: நாற்பது பூரி, உருளைக்கிழங்கு மசால், இரண்டு பாட்டரி சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்த்துச் சொன்னது.

டிசம்பர் 1 – ஞாயிறு

கோத்ரூட் பக்கம் இன்னோர் அணியோடு பயிற்சி ஆட்டம். ஆறு ஆட்டத்தில் இரண்டில் ஜெயித்தோம். மேல்கூடையில் விழுந்த முதல் மஞ்சள் கட்டையின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் விழுந்த சின்ன 'டக்', அவ்வளவுதான். பெற்றோர் கோட்டுக்கு வெளியே. நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் முடிந்து நடுவர் நேர்காணலுக்கு ஒத்திகை. நடுவருக்குக் கொடுக்கும் போர்ட்ஃபோலியோ, அட்டை நீங்கலாக 15 பக்கம்தான் இருக்கலாம். அதில் ஒரு முழுப் பக்கம் லிஃப்டுக்கு. அக்டோபர் 20 என்ற தேதிக்கு எதிரில் மகளின் கையெழுத்தில்: மென்டர் சொல்லாமல் கப்பியை நகர்த்தினார், 40 அளவீடுகளும் நீக்கப்பட்டன, மறுபடி எடுத்தோம். எடுத்துவிடச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

வீட்டுக்கு வரும்போது காரில் அப்பா அழைத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பேத்தியிடம் கொடுக்கச் சொன்னார்.

"உள்ள எத்தன அங்குலம் மிச்சம் வெச்சீங்க, அம்மிணி?"

"ஆறு, தாத்தா."

"செரி. போதும்."