தாம்பாளத்தில் ஆறு துண்டுகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டு அடுப்படியில் ராத்திரி முழுக்க ஓர் எவர்சில்வர் தாம்பாளம் கிடந்தது. அதில் உள்ளங்கை அகலத்தில் ஆறு துண்டுகள்: கடப்பைக் கல், கறுப்பு கிரானைட், வெள்ளை கிரானைட், மார்பிள், குவார்ட்ஸ், ஆத்தங்குடிக் கல். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மூலையில் கெட்டியான புளிக்கரைசல், இன்னொரு மூலையில் எலுமிச்சை மூடி, நடுவில் மஞ்சள் குழைத்த நல்லெண்ணெய். கல் கடையின் உடைசல் குவியலிலிருந்து இவற்றைக் கேட்டு வாங்கி வந்தவர் அந்த வீட்டுத் தலைவி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 35 வருஷம் இதே அடுப்படியில் நின்று சமைத்தவர்.

வீடு மாமனார் காலத்தது. கூடத்தில் ரெட் ஆக்சைடு தரை, அடுப்படியில் கடப்பைக் கல் மேடை. 12 வருஷத்துக்கு முன்னால் மேடைக்கு அடியில் பிளைவுட் அலமாரி போட்டார்கள். இப்போது சிங்குக்குக் கீழே இருந்த பலகை உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது. கதவைத் திறந்தால் கீல் கையோடு வந்தது. அதைச் சரிசெய்யப் போய்த்தான் மொத்த அடுப்படியையும் எடுத்துக் கட்டும் பேச்சு வந்தது. பிறகு கூடத்துத் தரையும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டது.

கடை கடையாக ஏறி இறங்கியபோது எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "லைஃப் லாங் வரும்மா." எதைத் தாங்கிக்கொண்டு வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு கல் ஆயுசுக்கும் வருமா என்பது அதன் மேல் என்ன விழப்போகிறது என்பதைப் பொறுத்தது. நம் அடுப்படியில் விழுவது புளியும் எலுமிச்சையும் மஞ்சளும் காய்ந்த எண்ணெயும். அதையே ஊற்றிப் பார்த்துவிட்டு வாங்குவது என்று ஆசிரியை முடிவு கட்டினார்.

காலையில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, முற்றத்து வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்கள். கடப்பைக் கல்லில் எலுமிச்சை இருந்த இடம் வட்டமாக வெளுத்து, விரலால் தடவினால் சொரசொரத்தது. மார்பிளிலும் அதே கதைதான். வெள்ளைக் கல் என்பதால் நேரே பார்த்தால் தெரியவில்லை, சாய்த்தால் மெருகு போனது தெரிந்தது. இரண்டும் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். புளிப்பு பட்டால் அந்தச் சுண்ணாம்பு கரையும். இது கறையல்ல, அரிப்பு; எந்தச் சோப்பாலும் போகாது. கல்லைத் திரும்ப இழைத்தால்தான் உண்டு.

ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்ததும் ஆசிரியைக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் கையால் செய்யும் அந்தக் கல், சூளையைப் பார்க்காதது. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. நடக்க நடக்க மெருகேறும். செட்டிநாட்டு வீடுகளில் தலைமுறை தாண்டி அது கிடப்பதை யாரும் போய்ப் பார்க்கலாம். ஆனால் அதுவும் சிமென்ட்தான். புளி பட்ட இடம் மங்கியிருந்தது, மஞ்சள் உள்ளே இறங்கியிருந்தது. அடுப்படிக்கு ஆகாது, பூஜையறைக்கு வாங்கலாம் என்று அப்போதே பேசிவைத்தார்கள்.

வெள்ளை கிரானைட்டைக் கடையில் காஷ்மீர் ஒயிட் என்று கொடுத்திருந்தார்கள். பெயர்தான் காஷ்மீர், வெட்டியெடுப்பது மதுரைப் பக்கத்தில். அதைப் புளி ஒன்றும் செய்யவில்லை. எண்ணெய் செய்தது. நுண்ணிய துளைகள் வழியாக உறிஞ்சிக்கொண்டு, நடுவில் ஈர அடையாளம் மாதிரி ஒரு கறுப்பு வட்டம் நின்றுவிட்டது. சீலர் பூசினால் தாங்கும், ஆனால் வருஷா வருஷம் நினைவு வைத்துப் பூச வேண்டும்.

கறுப்பு கிரானைட்டில் ஒரு சுவடும் இல்லை. அதை வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்த்துக்கொள்வது நல்லது. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பென்று விற்பது சந்தையில் உண்டு. வெள்ளைப் பஞ்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை நனைத்துத் தேய்த்தால் போதும். பஞ்சு கறுத்தால் அந்தக் கல்லை அங்கேயே விட்டுவிடலாம். ஆசிரியை வாங்கி வந்த துண்டில் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

குவார்ட்ஸும் தேறிவிட்டது. மஞ்சள்கூடத் துடைத்தால் போனது. பார்க்கவும் அதுதான் அழகு. கணவருக்கு அதன் மேலேயே கண். ஆனால் அது மலையில் வெட்டிய கல் இல்லை. குவார்ட்ஸ் துகள்களை, எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலே, பிசின் சேர்த்து அழுத்திச் செய்த பலகை. பிசினுக்குச் சூடு ஆகாது. வடை சுட்டு இறக்கிய வாணலியை அப்படியே மேடையில் வைக்கிற கை தமிழ்நாட்டுக் கை. ஒவ்வொரு தடவையும் பிரிமணை தேட முடியுமா?

அன்று சாயங்காலம் மெல்போர்னிலிருந்து மகன் கூப்பிட்டபோது பேச்சு இதில் வந்து நின்றது. "அம்மா, இங்க அந்தக் கல்லையே தடை பண்ணிட்டாங்க" என்றான். உண்மைதான். 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா முழுக்க அந்த வகைச் செயற்கைக் கல்லைச் செய்யவோ விற்கவோ வெட்டவோ பொருத்தவோ கூடாது. உலகில் முதலில் தடை விதித்த நாடு அதுதான். சமையல் செய்கிறவர்களுக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. கெடுதல் அதை அறுக்கிறவர்களுக்கு. அறுக்கும்போது பறக்கிற சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஆகிறது. அதற்கு முழுமையான சிகிச்சை கிடையாது. கல் மேடை அறுக்கும் வேலையில் இருந்த இளவயதுக்காரர்கள் மூச்சுவிட முடியாமல் போனதைப் பார்த்த பிறகுதான் அந்தத் தடை வந்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. அளவு பெரும்பாலும் பாதிக்கும் கீழே, அவ்வளவுதான் வித்தியாசம். தூசி தூசிதான்.

கிரானைட் பட்டறையில் ஆசிரியை அதைக் கண்ணாலேயே பார்த்தார். ஒரு பையன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் பிடிக்கிற மிஷினால் சிங்குக்கு ஓட்டை அறுத்துக்கொண்டிருந்தான். புருவம், கண் இமை எல்லாம் வெள்ளை. "தண்ணி விட்டு அறுக்கலாமேப்பா?" என்று கேட்டார். "லேட்டாகும் டீச்சர்" என்றான். தன் வீட்டுக் கல்லைத் தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், இரண்டு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, துண்டுக்குப் பதிலாகச் சரியான முகமூடி வாங்கிக் கொடுங்கள் என்று பட்டறைக்காரரிடம் நின்று சொல்லிவிட்டு வந்தார். மேடைக்குக் கல் எடுக்கிற ஒவ்வொருவரும் இதைச் சொன்னால் பட்டறைகள் மாறும். கேட்பதற்குக் காசு ஆவதில்லை.

மேடைக்குக் கறுப்பு கிரானைட் என்று முடிவாயிற்று. தரைக்குப் பேச்சு இழுத்தது. குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்து இறங்குகிற வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதில் குறை சொல்ல முடியாது. 100 கிராம் ஓடு அரை கிராம் தண்ணீருக்கு மேல் குடிக்காது, அதனால் கறை ஏறாது. ஆனால் 80 வயது மாமியார் கைத்தடியோடு நடக்கிற வீடு அது. "எனக்கு மொகம் தெரியற தரை வேணாம்டி, கால் நிக்கிற தரையா போடு" என்றார் அவர்.

அவர் கேட்டதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் ஒருவரை நடக்கவிட்டு, தளத்தை மெல்ல மெல்ல உயர்த்தி, எந்தச் சாய்வில் கால் வழுக்குகிறது என்று பார்ப்பார்கள். 6 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் இடையில் வழுக்கினால் ஆர் 9. 19 டிகிரியைத் தாண்டியும் நின்றால் ஆர் 11. பெட்டியில் அச்சடித்திருக்கும், இல்லையென்றால் கடைக்காரர் கம்பெனிப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார். அடுப்படிக்கும் குளியலறைக்கும் மெருகில்லாத மேட் ஓட்டில் ஆர் 11 எடுத்தார்கள்.

கூடத்து ரெட் ஆக்சைடை உடைக்க வேண்டாம் என்று சொன்னவர் டைல்ஸ் மேஸ்திரி. உடைத்தால் அவருக்குத்தான் வேலையும் கூலியும், இருந்தும் சொன்னார். "இதைப் போட இப்ப கைதேர்ந்த கொத்தனார் கிடைக்கிறது கஷ்டம் டீச்சரம்மா. ரெண்டு எடத்துல கீறல், அவ்வளவுதானே." சிமென்டில் சிவப்பு ஆக்சைடு கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து, தண்ணீர் கட்டி ஊறவைத்து, தேங்காயெண்ணெய் போட்டு மெருகேற்றிய தரை. ஒட்டுப்போட்டால் நிறம் சேராது என்பதால் கீறலை அப்படியே விட்டார்கள். 1970, 80களில் போட்ட மொசைக் தரையைப் பெயர்க்கிறவர்களும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். மொசைக்கையும் கல்லையும் மிஷின் வைத்து இழைத்தால் திரும்பப் புதிதாகும். மேல்பூச்சில் படம் அச்சடித்த ஓடு தேய்ந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஓடு பதித்த மறுநாள் மேஸ்திரி ஒரு நாணயத்தை எடுத்து ஒவ்வொரு ஓட்டையும் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று கேட்டால் சரி. ஒன்று மட்டும் வெற்றுப் பானை மாதிரி ஒலித்தது. அடியில் கலவை முழுதாகப் பரவவில்லை. அங்கே அம்மிக் குழவி விழுந்தால் ஓடு இரண்டாகும், அது ஓட்டின் குற்றமாகாது. சொல்லாமலேயே பெயர்த்து, கலவையைச் சீப்புக் கரண்டியால் இழுத்து மறுபடி பதித்தார். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஸ்பேசர் செருகியிருந்தார். இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் பதித்தால் கோடை வெயிலில் தரை விரிந்து, ஒருநாள் ஓடுகள் கூடாரம் மாதிரி மேலே எழும்பும்.

அலமாரி விஷயத்தில் ஆசாரி இரண்டு வழி சொன்னார். சிங்கைச் சுற்றிப் பலகைதான் வேண்டுமென்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. இன்னொன்று பழைய வழி: கடப்பைக் கல்லையே நிறுத்துப் பலகையாகவும் தட்டாகவும் வைத்து, கதவு மட்டும் மரத்தில். கரையான் அரிக்காது, தண்ணீரில் உப்பாது, புளி அங்கே சிந்தப்போவதும் இல்லை.

பழைய மேடைக் கல்லை மூன்றாக அறுத்தார்கள், தண்ணீர் விட்டுத்தான். அதில் ஒரு துண்டில், மாமியார் வருஷா வருஷம் ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிய இடம் கை அகலத்துக்கு வெளுத்துக் கிடந்தது. அந்தத் துண்டைத் திருப்பிப் போட வேண்டாம், அப்படியே மேல்பக்கமாக வையுங்கள் என்றார் ஆசிரியை. சிங்குக்கு இடதுபக்க அலமாரியில், இரண்டாம் தட்டாக அது இருக்கிறது. ஊறுகாய் ஜாடியை அந்த வெளுத்த இடத்தின் மேலேயே வைத்திருக்கிறார்கள்.